எட்டு போடும் வண்டி, ஓட்டும் வண்டி

தமிழ்நாட்டில் டூவீலர் லைசென்ஸ் எடுக்கப் போகிறவரிடம் ‘எட்டு போடணும்’ என்றால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருக்க, எட்டு வடிவத்தில் கால் ஊன்றாமல் சுற்றி வந்தால் உரிமம். ஊன்றினால் இன்னொரு நாள் வர வேண்டியதுதான். மோட்டார் சைக்கிளைக் குறுகிய இடத்தில் மெதுவாகத் திருப்பத் தெரிகிறதா என்று பார்க்கிற தேர்வு இது. எண்ணம் நல்லது, குறை வேறிடத்தில் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், உரிமத்துக்காக மோட்டார் சைக்கிளை கியர் இல்லாதது, கியர் உள்ளது என்று இரண்டாகத்தான் பிரிக்கிறது. சுமார் 110 கிலோ எடையுள்ள 100 சிசி வண்டியில் எட்டு போட்டவர், அதே அட்டையோடு 195 கிலோ புல்லட்டையோ, 240 கிலோ சூப்பர் மீட்டியரையோ, 350 கிலோவைத் தாண்டும் ஹார்லி டூரிங் வண்டியையோ மறுநாளே சாலைக்குக் கொண்டுவரலாம். சின்ன வண்டியில் கற்றது பெரிய வண்டிக்கும் செல்லும் என்பது இதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை. மெதுவேகத் திருப்பத்தைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை தவறு. கனமான வண்டியில் அது தனியாகப் பழக வேண்டிய வித்தை. அதே சமயம், அந்தப் பழக்கத்தின் மேல் அதற்கு உரியதல்லாத பெருமைகளை ஏற்றிச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதையும் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

ஓடும் இருசக்கர வண்டி ஏன் விழுவதில்லை என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் தேடிவருகிறார்கள். 1899இல் கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் விப்பிள் அதற்கான சமன்பாடுகளை எழுதினார். சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவுதான் காரணம் என்று பலரும் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1970இல் டேவிட் ஜோன்ஸ், எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை மாட்டி அந்த விளைவை அழித்துவிட்டு, அப்படியும் சைக்கிளை ஓட்டிக் காட்டினார். 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: பம்பர விளைவும் இல்லாமல், முன்சக்கரம் ஸ்டீயரிங் அச்சுக்குப் பின்னால் தரையைத் தொடும் அமைப்பும் இல்லாமல், தானே நிமிர்ந்து ஓடும் சிறு வண்டி ஒன்றைச் செய்தே காட்டியது. ஆக, காரணம் ஒன்றல்ல. பல காரணங்கள் பின்னிக்கிடக்கின்றன. ஆனால் இந்தத் தானே நிமிரும் குணம் ஒரு வேகத்துக்கு மேல்தான் வரும் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. 2007இல் ராயல் சொசைட்டி இதழில் வெளியான மாதிரி சைக்கிள் கணக்கில் அந்த வேகம் மணிக்கு சுமார் 15 கி.மீ.யில் தொடங்குகிறது. மோட்டார் சைக்கிளுக்கு எண் மாறும், கீழ் எல்லை என்று ஒன்று இருப்பது மாறாது. அந்த எல்லைக்கு மேலே வண்டி ஓட்டுபவரைத் தாங்குகிறது. கீழே வந்தால் அவர்தான் வண்டியைத் தாங்க வேண்டும். யூ டர்ன், பார்க்கிங், பெட்ரோல் பங்க் வளைவு, கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மிகக் குறுகலானவை எல்லாம் இந்தக் கீழ்ப்பகுதியில் நடப்பவை. நெடுஞ்சாலையில் 90 கி.மீ. வேகத்தில் அழகாக வளைகிறவர், வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது தடுமாறுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று, வேலை வேறு.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். வளைவில் சமநிலையோடு போக வண்டி எவ்வளவு சாய வேண்டும் என்பதை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வேகம், வட்டத்தின் ஆரம். நம் இருவழிச் சாலைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அகலம் 7 மீட்டர். ஓரங்களில் கொஞ்சம் விட்டுவிட்டு அதற்குள் திரும்ப 3 மீட்டர் ஆரத்தில் வர வேண்டும். 10 கி.மீ. வேகத்தில் அந்த வட்டத்தில் வரும் வண்டி ஏறத்தாழ 15 பாகை சாய்ந்திருக்கும். வேகம் 6 கி.மீ.க்கு இறங்கினால் அதே வட்டத்தில் 5 பாகைச் சாய்வுக்குத்தான் ஆதாரம் இருக்கும். மிச்சம் 10 பாகை அந்தரத்தில் நிற்கிறது. நேராக ஓடும்போது வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரை அந்தப் பக்கமே லேசாகத் திருப்பி, சக்கரங்களை எடைக்குக் கீழே கொண்டுவந்துவிடுகிறோம். எல்லோரும் அறியாமலே செய்வது இது. ஹேண்டிலைக் கடைசிவரை ஒடித்துவிட்ட பிறகு அந்த வழி அடைபடுகிறது. இதற்கு மேல் திருப்ப இடமில்லை. உள்ளே சாயும் வண்டியை நிமிர்த்த ஒரே வழி வேகத்தை ஒரு துளி கூட்டுவது. அதாவது சமநிலை காக்கும் பொறுப்பு ஹேண்டில்பாரிலிருந்து ஆக்சிலேட்டருக்கும் கிளட்சுக்கும் கைமாறுகிறது. விழப்போகிறோம் என்று உடல் அலறும்போது வேகத்தைக் கூட்ட வேண்டும். உடலோ ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு பிரேக்கைப் பிடிக்கச் சொல்கிறது. இந்தப் பிணக்கை விளக்கம் கேட்டுத் தீர்த்துக்கொள்ள முடியாது, செய்து பழகித்தான் தீர்க்க வேண்டும்.

இங்கே இயற்பியல் தெரிந்தவர் ஒரு நியாயமான கேள்வி கேட்பார். அந்தக் கணக்கில் வண்டியின் எடை எங்கே? எங்கும் இல்லை. 110 கிலோவுக்கும் 350 கிலோவுக்கும் அதே வேகம், அதே ஆரம் என்றால் அதே சாய்வுதான். அப்படியானால் கனம் ஒரு பிரச்சினையே இல்லையே, சின்ன வண்டியில் கற்றால் போதாதா? சமநிலையில் இருக்கிறவரை அவர் சொல்வது சரி. சமநிலை தவறிய நொடியில்தான் எடை கணக்குக்குள் வருகிறது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் எடைமையம் இருப்பதாகக் கொண்டு, 25 பாகை சரிந்த வண்டியை, ஹேண்டில்பார் இருக்கும் சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்து நிறுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று பாருங்கள்: 110 கிலோ வண்டிக்கு 23 கிலோ எடையைத் தாங்குவதற்குச் சமம், 200 கிலோவுக்கு 42, 360 கிலோவுக்கு 76. முதலாவதை ஒரு கல்லூரி மாணவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிடுவார். மூன்றாவதை ஒற்றைக் காலில் நின்றபடி நிறுத்த யாராலும் ஆகாது, முதுகு பிடித்துக்கொள்வதுதான் மிச்சம். கனமான வண்டியைத் திருப்புவது கடினமில்லை, தவறினால் மீட்பதுதான் கடினம். லேசான வண்டியில் பழகியவர் தன் பிழைகளைக் கைவலிமையாலும் இடுப்பின் ஒரு வெட்டாலும் திருத்திக்கொண்டே எட்டை முடித்துவிடுகிறார். திருத்துகிறோம் என்பதே அவருக்குத் தெரிவதில்லை. புல்லட்டில் ஏறும் நாளில் அந்தச் சலுகை பறிபோகிறது. எடைமையம் தாழ்வாக இருக்கும் க்ரூசர் வகை வண்டிகள் இதில் எளிது என்ற பேச்சும் முழு உண்மையல்ல. உள்ளங்கையில் நீண்ட கழியை நிறுத்திவிடலாம், பென்சிலை நிறுத்த முடியாது என்பதுபோல, தாழ்ந்த எடைமையம் சரியும்போது சீக்கிரம் சரியும். தாங்க வேண்டிய விசை குறைவு, கிடைக்கும் நேரமும் குறைவு. போதாததற்கு, முன் ஃபோர்க் அதிகம் சாய்ந்த வண்டிகளில் மெதுவேகத்தில் ஹேண்டில் தானாகவே உள்பக்கம் மடங்கப் பார்க்கும்.

பயிற்சியாளர்கள் கண்டுபிடித்த விடை உலகெங்கும் கிட்டத்தட்ட ஒன்றே. அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் போலீஸ்காரராக இருந்து பயிற்சியாளரான ஜெரி பல்லடினோ அதை மூன்று சொற்களில் அடக்கினார்: கிளட்ச், பின் பிரேக், பார்வை. நம் ஊர் மொழியில் முதலாவது ‘ஹாஃப் கிளட்ச்’. முதல் கியரில் இன்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதலாக ரேஸ் கொடுத்து அப்படியே நிலையாக வைத்துக்கொண்டு, கிளட்ச் கவ்வத் தொடங்கும் அந்த அரை அங்குல இடைவெளியில் லீவரை விட்டும் பிடித்தும் வேகத்தை ஆள்வது. இரண்டாவது, பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே ஓட்டுவது. இன்ஜின் முன்னால் தள்ள, பிரேக் பின்னால் இழுக்க, செயினிலும் கியர்களிலும் இருக்கும் தொய்வு இறுகிவிடுகிறது. இன்றைய ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் குறைந்த ரேஸில் கொடுக்கும் வெட்டும் அடங்குகிறது. மூன்றாவதுதான் சொல்ல எளிது, செய்யக் கடினம்: தலையைத் தோளுக்கு மேலாகத் திருப்பி, வண்டி போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்ப்பது, முன்சக்கரத்தைப் பார்க்கவே கூடாது. இவற்றோடு உடலின் எடையை வளைவுக்கு வெளிப்பக்கம் தள்ளி, வண்டியை மட்டும் உள்ளே சாயவிட வேண்டும். பந்தய வீரர் உள்பக்கம் தொங்குவதற்கு நேர் எதிர். முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்பது எழுதாத ஐந்தாவது விதி: ஹேண்டில் ஒடிந்திருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் வேகம் சட்டென்று செத்து, வண்டி உள்பக்கம் தொப்பென்று விழும்.

ஜப்பான் இதை எவ்வளவு பொருட்டாக எடுத்துக்கொண்டது என்பது வியப்பானது. அங்கே 1975 முதல் 400 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனி உரிமம். 1996 வரை அதை அரசுத் தேர்வு மையத்தில் நேரடியாகத்தான் பெற முடிந்தது. தேறியவர்கள் மிகச் சிலர். ஓட்டுவதற்கு முன்பே, கீழே கிடத்திய 750 சிசி வண்டியைத் தூக்கி நிறுத்தவும், அதைக் கையால் தள்ளிக்கொண்டே எட்டு போடவும் வேண்டியிருந்தது. (நம் எட்டுக்கு இப்படி ஒரு மூத்த சகோதரன் இருப்பது பலருக்குத் தெரியாது.) இன்று பயிற்சிப் பள்ளிகளில் கற்றுத் தேறலாம் என்றாலும் ஒற்றைப் பாலம் எனும் சோதனை அப்படியே இருக்கிறது: 15 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் கொண்ட ஒரு மேடு. பெரிய வண்டியில் அதைக் கடக்க 10 விநாடிக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். சீக்கிரம் கடந்தால் மதிப்பெண் போகும், இறங்கிவிட்டால் தேர்வே போகும். கணக்குப் போட்டால் மணிக்கு 5.4 கி.மீ., ஆள் நடக்கிற வேகம். நடுத்தர வண்டிக்கு 7 விநாடி, சிறியதற்கு 5 விநாடி போதும். கனம் கூடினால் தேர்வும் இறுகுகிறது.

வெளிநாட்டுப் பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. இதைப் பேசுகிற எழுத்திலும் வீடியோவிலும் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன, யூ டர்ன் இடப்பக்கம். நமக்கோ யூ டர்ன் வலப்பக்கம். வெறும் கண்ணாடிப் பிம்பம் என்று இதைத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் வண்டியின் கட்டுப்பாடுகள் இருபக்கமும் ஒன்றுபோல் இல்லை. வலப்பக்கம் இறுகத் திரும்பும்போது ஆக்சிலேட்டர் பிடித்த கை வயிற்றை நோக்கி மடங்குகிறது. மணிக்கட்டின் கோணம் மாறுவதால் நினைக்காமலே ரேஸ் ஏறும் அல்லது இறங்கும். அதைவிட முக்கியம், உள்பக்கத்துக் கால் வலது கால், பின் பிரேக்கும் வலது காலில். பயத்தில் எந்தக் கால் தரையைத் தேடுகிறதோ அதே கால்தான் வண்டியை ஆள வேண்டிய பிரேக்கில் இருக்க வேண்டும். காலை எடுத்த மறுகணம் மூன்று கருவிகளில் ஒன்று கைவிட்டுப் போகிறது, இன்ஜின் தள்ளுவது மட்டும் நிற்பதில்லை. பழைய புல்லட்டில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருந்தன. அந்தத் தலைமுறைக்கு இந்தத் தொல்லை இல்லை என்பது யாரும் திட்டமிடாத ஒரு வசதி. ஆகவே இங்கே பழகுகிறவர் வலப்பக்க வட்டத்துக்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்குவது நியாயம். எட்டு வடிவம் இரு பக்கத்தையும் சமமாகச் சோதிக்கிறது. நம் சாலை அப்படிச் சோதிப்பதில்லை.

கிளட்ச் தேய்ந்துவிடும் என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஆட்சேபத்துக்கு விடை சுருக்கமானது. இன்றைய பெரும்பாலான வண்டிகளில் பல தட்டுகள் கொண்ட, எண்ணெயில் நனைந்த கிளட்ச்தான். அளவான நழுவலை அது தாங்கும். பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர், சில டுகாட்டி மாதிரிகள் போன்ற உலர் கிளட்ச் வண்டிகளுக்கு அந்தப் பயம் நியாயமே. எதுவானாலும் இன்ஜின் சூடேறினால் நிறுத்தி ஆறவிட வேண்டும். பயிற்சி முழுக்க வண்டி காற்றுப்படாமல் வேலை செய்கிறது.

கனமான ஆட்சேபம் வேறு. மெதுவாகத் திரும்பும்போது விழுந்தால் கண்ணாடியும் இண்டிகேட்டரும் உடையும். மக்கள் சாவதோ வேகத்தில். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த இறப்புகளுக்கும் எட்டு போடுவதற்கும் என்ன சம்பந்தம்? 1981இல் வெளிவந்த ஹாரி ஹர்ட்டின் அறிக்கை, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. முக்கால் பங்கு விபத்துகள் இன்னொரு வாகனத்தோடு மோதியவை. அவற்றில் மூன்றில் இரண்டில் எதிர்வாகனம் வழிவிடத் தவறியிருந்தது. பயிற்சிகளுக்கு ஒட்டுமொத்தமாகவே நல்ல சான்று இல்லை: 2010இல் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 23 ஆய்வுகளை எடுத்துப் பார்த்து, எந்தப் பயிற்சி விபத்தைக் குறைக்கிறது என்று முடிவு சொல்லுமளவுக்கு அவற்றில் தரம் இல்லை என்றது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் புதிதாக உரிமம் பெற்றவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்குச் சாலைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வந்த முடிவில் விபத்து குறையவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் தன்னம்பிக்கையும் வேகமும்தான் கூடியிருந்தன.

இதற்கு மழுப்பலான பதில் சொல்வதில் பயனில்லை. மெதுவேகப் பயிற்சி உயிர் காக்கும் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் அதற்கான ஆதாரம் இல்லை. அது தரும் பலன் வேறு. கனமான வண்டியோடு நெடுஞ்சாலையின் மீடியன் இடைவெளியில் திரும்புகிறவர், பாதியில் நம்பிக்கை இழந்து இரு காலையும் தரையில் உந்திக்கொண்டு, லாரி வரும் பாதையின் குறுக்கே கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் என்னவென்று தெரியும். ஒரே வீச்சில் திரும்பிவிடுகிறவர் அங்கே கிடக்கும் நேரம் குறைவு. குள்ளமானவர், வயதானவர், பெண்கள் பெரிய வண்டியைத் தவிர்ப்பதற்கும் பாதிக்கு மேல் காரணம் இந்த வாசல் பயம்தான் என்று நினைக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குக் காலின் நீளம் தேவையில்லை, நிற்கும்போது மட்டுமே தேவை. விக்டோரியா முடிவு கவலைப்பட வைத்த தன்னம்பிக்கையைப் பொறுத்தவரை, 10 கி.மீ. வேகத்தில் வண்டி பலமுறை தரையில் படுத்த பிறகு வரும் தன்னம்பிக்கை அவ்வளவு திமிரானதாக இருக்காது என்பது என் ஊகம். ஊகத்துக்கு மேல் அதைச் சொல்ல முடியாது.

ஆனால் ஹர்ட் அறிக்கையில் இன்னொரு செய்தி இருக்கிறது; மெதுவேகப் பயிற்சியின் ஆதரவாளர்கள் அதற்கு முகம்கொடுத்தாக வேண்டும். மோதலுக்கு முந்தைய நொடிகளில் ஓட்டுநர்கள் பின் பிரேக்கை மிதித்து பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தும் திறனில் பெரும்பங்கு முன்சக்கரத்தில் இருக்கிறது. மெதுவேகத் திருப்பத்தை மட்டும் மணிக்கணக்கில் பழகுகிறவர் ‘முன் பிரேக் எதிரி, பின் பிரேக் நண்பன்’ என்று தன் உடலுக்குப் பாடம் நடத்துகிறார். முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று சொல்லியே பிள்ளைகளை வண்டியில் ஏற்றும் நம் ஊரில் இந்தப் பாடத்துக்கு வேறு துணை வேண்டாம். பிரிட்டன் 2009இல் கொண்டுவந்த முதல் கட்டத் தேர்வில் இதற்கு விடை இருக்கிறது. ஒரே மைதானத்தில், ஒரே அமர்வில், வளைந்து நெளிந்து போதல், எட்டு, நடை வேக ஓட்டம், யூ டர்ன். அடுத்து அதே வண்டியில் 50 கி.மீ. வேகத்தில் வந்து அவசர பிரேக், தடையைச் சட்டென்று விலக்கிப் போதல். சில நிமிடங்களுக்கு முன் தொடக்கூடாதென்று இருந்த லீவரை இப்போது வலுவாகப் பிடிக்க வேண்டும். எந்த வேகத்துக்கு எந்த பிரேக் என்ற பிரிவினையை உடலுக்குப் புரியவைக்க இதைவிடச் சுருக்கமான வழி தெரியவில்லை. ஹார்லி டூரிங் வண்டிகளின் இணைந்த பிரேக்கும் இதே பிரிவினையை ஒப்புக்கொள்கிறது: வேகமாகப் போகும்போது முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும், வேகம் தாழ்ந்ததும் இணைப்பு விலகி, பின் பிரேக் தனியாகக் கையாளக் கிடைக்கும்.

ஆகவே நம் எட்டை ஒழிக்க வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் ஒரு பிரேக் சோதனையை வைப்பதும், எந்த வண்டியில் எட்டு போடுவது என்று கேட்பதும் போதும். எப்படிப் பிரிப்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஜப்பான் சிசியால் பிரிக்கிறது, ஐரோப்பா இன்ஜின் சக்தியால். இரண்டும் வேகத்தைக் கருதிப் போட்ட கோடுகள். அந்த அளவுகோல்களின்படி, சுமார் 20 குதிரைசக்தி மட்டுமே உள்ள 195 கிலோ புல்லட் எளிய வண்டி. அதைவிட இருபது கிலோவுக்கு மேல் குறைந்த 390 டியூக் கடின வண்டி. நெடுஞ்சாலைக்கு அந்த வரிசை சரி, 7 மீட்டர் சாலையில் திருப்புவதற்குத் தலைகீழ். ஐரோப்பா இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது: 2012இல் வந்த உத்தரவு, உச்ச வகை உரிமத்தின் தேர்வுக்குக் கொண்டுவரும் வண்டி குறைந்தது 50 கிலோவாட் சக்தியோடு 180 கிலோவுக்கு மேல் எடையும் கொண்டிருக்க வேண்டும் என்றது. இங்கே அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வண்டியின் ஆர்.சி.யிலும் சுமையில்லா எடை ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. எட்டு போட வந்தவரிடம் இன்ஸ்பெக்டர் அதை வாங்கிப் பார்த்து, அந்த எண்ணை உரிமத்தில் எழுதினால் ஆயிற்று.